ஒரு தளபதியின் கல்லறையும் நம் பாட்டனார் பெயரும்

வெருகலிலிருந்து வடக்கே சென்று, கொட்டியார்க் குடாவைச் சுற்றித் திருகோணமலையை அடைவோர் அங்கே பழைய ஆங்கிலேயர் இடுகாடு ஒன்றைக் காண்பர். சார்ள்ஸ் ஒஸ்டின் என்னும் கடற்படைத் தளபதி அதிலே துயில்கின்றார். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி அவர்.

அவருடைய வரலாற்றை ஒரே ஏட்டிற் காண இயலாது. 1779 இல் பிறந்தவருக்குத் தேவாலயப் பதிவேடு முதற் சான்று. பதவியுயர்வுகளுக்குக் கடற்படைப் பட்டியல்கள் சான்று. இரண்டாம் பர்மியப் போரின்போது, 1852 அக்டோபர் 7 ஆம் நாள், ஐராவதி ஆற்றிலே 'புளூட்டோ' என்னும் நீராவிக் கப்பலில் வாந்திபேதியால் உயிர் நீத்தார். இறந்தது பர்மாவில், அடக்கமோ திருகோணமலையில்! பர்மாவில் மட்டும் கல்லறையைத் தேடுபவர் வெறுங்கையுடன் திரும்புவார். இலங்கைக் கல்லறை வாசகங்களைப் பென்றி லூயிஸ் 1913 இல் நூலாகத் தொகுத்தளித்தார். கல் தேய்ந்தாலும் அச்சு நிற்குமன்றோ?

தளபதிக்கு இத்தனை ஏடுகள். வெருகற் குடியானவனுக்கு? இந்நாட்டிற் பிறப்பு இறப்புப் பதிவு 1867 இலேயே தொடங்கியது. அதற்கு முந்தியோரைத் தேடப் பழைய காணி உறுதிகளும் கோயில் உபயக் கணக்குகளுமே துணை. 2006 இல் போருக்கு அஞ்சி வாகரைக்கு ஓடியவர்களுக்கு அவற்றைக் கட்டி எடுக்க நேரமேது?

எனினும் பதிவகத்தை நாடுவோர் ஒன்றை நினைவிற் கொள்க. மரணம் நிகழ்ந்த பிரிவிலேதான் அது பதியப்படும். பாட்டனார் வெருகலில் வாழ்ந்து திருகோணமலை வைத்தியசாலையில் இறந்திருப்பின், அவர் பெயர் அந்நகர ஏட்டிலேயே காத்திருக்கும்.