விண்ணிலிருந்து மீள்வனவும் எமது கடலும்

சந்திரனுக்குச் சென்று மீண்ட கலங்களின் வரலாறு பெரும்பாலும் பசிபிக் சமுத்திரத்தோடு இணைத்தே எழுதப்பட்டு வந்துள்ளது. 1969 ஜூலை 24 இல் அப்பலோ 11 கலம் அங்கு இறங்கியமை உலகெங்கும் அறியப்பட்ட நிகழ்ச்சியாதலின் இது வியப்பன்று. ஆயின், சந்திரனைச் சுற்றிப் பூமிக்கு மீண்ட முதற் கலம் இறங்கியது இந்து சமுத்திரத்திலேயாகும். திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட கோமாரி முதலாய ஊர்களின் மீனவர் தொழில் செய்யும் கடலும் அச்சமுத்திரத்தின் பாற்பட்டதே. இவ்வரலாற்றை அக்கரையில் நின்று நோக்கின் எவ்வாறு தோன்றும் என்பதே நாம் இங்கு ஆராய முற்படுவது.

மீள்வருகையின் இடர்ப்பாட்டை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். பூமியை அண்மித்துச் சுற்றும் செய்மதி செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகத்தில் இயங்குகிறது. சந்திரனிலிருந்து திரும்பும் கலமோ ஏறத்தாழ 11 கிலோமீற்றர் வேகத்தில் வளிமண்டலத்தை அடைகிறது. இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதசமமாதலின், தணிக்கவேண்டிய சக்தி கிட்டத்தட்ட இருமடங்காகிறது. கலத்தின் முன்னே அமுக்கப்படும் வளி கடுமையாக வெப்பமேறி ஒளிர்கின்றது. கவசம் தான் கருகித் தேய்ந்து அவ்வெப்பத்தை அகற்றுகின்றது. நுழைகோணம் மிகச் செங்குத்தாயின் கலம் நொறுங்கும். மிகச் சாய்வாயின் அது மீண்டும் விண்வெளிக்கே சென்றுவிடக்கூடும்.

1968 செப்டெம்பரில் சோவியத்து ஒன்றியம் ஏவிய சோண்ட் 5 இவ்விடர்ப்பாட்டை நன்கு எடுத்துக்காட்டுகின்றது. இரு ஆமைகளையும் வேறு சில உயிர்ப்பொருட்களையும் தாங்கிச் சென்ற அக்கலம் சந்திரனைச் சுற்றித் திரும்பியது. வளிமண்டலத்தைத் தொட்டெழுந்து மீண்டும் நுழைந்து சோவியத்து மண்ணில் இறங்குவதே அதற்கு வகுக்கப்பட்ட வழி. திசைகாட்டும் பொறிமுறை பழுதுற்றமையால் அது நேரே நுழைந்து, செப்டெம்பர் 21 இல் இந்து சமுத்திரத்தின் தென்பகுதியில் வீழ்ந்தது. சோவியத்துக் கப்பல்கள் அதனை மீட்டுப் பம்பாய்க்குக் கொண்டுசென்றன. ஆமைகள் உயிருடன் இருந்தன. 1970 ஒக்டோபரில் சோண்ட் 8 உம் இச்சமுத்திரத்திலேயே இறங்கியது. வல்லரசுகளின் கணிப்பில் இது ‘வெறுங்கடல்’; பிழை நேரினும் எவருக்கும் தீங்கு விளையாத பரப்பு.

இக்கணிப்பு எமக்கு மிக அண்மையில் வந்தது 2015 இல் ஆகும். அவ்வாண்டு ஒக்டோபர் 3 இல் அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கற்றலீனா வான் ஆய்வினர் கண்ட, டபிள்யூ.ரி. 1190 எப் எனப் பெயரிடப்பட்ட பொருள், நவம்பர் 13 முற்பகல் 11.48 அளவில் இலங்கையின் தென்கரைக்கு அப்பால் வளிமண்டலத்தில் எரிந்தழியும் என முன்கூட்டியே கணிக்கப்பட்டது. 1998 இல் சந்திரனுக்கு அனுப்பப்பட்ட லூனார் புரொஸ்பெக்ரர் எனும் அமெரிக்கக் கலத்தை உந்திவிட்ட பகுதியே அதுவென இன்று பெரிதும் கருதப்படுகின்றது. மேகங்களுக்கு மேலே விமானத்தில் சென்ற ஆய்வாளர் அது எரிவதைப் படம்பிடித்தனர். கரையில் நின்றோர்க்கு முகில் அதனை மறைத்துவிட்டது. அப்பகுதியில் மீன்பிடித்தலையும் வான்போக்குவரத்தையும் தற்காலிகமாகத் தடுக்கப்போவதாக அதிகாரிகள் அறிவித்ததாகச் செய்திகள் வெளிவந்தன. உயிர்ச்சேதம் எதுவும் நிகழவில்லை.

இரு மீற்றர் அளவேயான ஒரு வெற்றுப் பொருளின் வீழ்ச்சியைப் பல நாட்களுக்கு முன்னரே அறிவிக்க முடிந்தமை விஞ்ஞானத்தின் பெருமையே. எனினும் 2004 டிசெம்பர் 26 ஐ எமது கரையோர மக்கள் மறந்திலர். சுமாத்திராவுக்கு அண்மையில் எழுந்த ஆழிப்பேரலை கல்முனை தொட்டுப் பொத்துவில் வரையான கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் சென்றது. அவ்விடைவேளையில் எச்சரிக்கை எதுவும் இம்மக்களை வந்தடையவில்லை. அறிவு உலகில் இருப்பது வேறு. அது கரைவலை இழுப்போனைச் சென்றடைவது வேறு என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

சட்டத்தின் நிலையும் நோக்கற்பாலது. 1972 ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கை, விண்பொருளால் பூமியின் மேற்பரப்பில் விளையும் சேதத்திற்கு ஏவிய நாட்டையே முழுப் பொறுப்பாக்குகின்றது. 1978 இல் கொஸ்மொஸ் 954 எனும் அணுச்சக்திச் செய்மதி கனடாவில் சிதறியபோது, 1981 இல் சோவியத்து ஒன்றியம் 30 இலட்சம் கனடிய டொலர் வழங்க இணங்கியது. ஆயின் அவ்வுடன்படிக்கையிற் சேதம் என்பது உயிரிழப்பு, உடலூறு, சொத்துச் சேதம் என்பவற்றையே குறிக்கின்றது. முன்னெச்சரிக்கையின் பொருட்டுத் தோணி கரையேற்றப்பட்ட ஒரு நாளின் உழைப்பு அங்கு வெளிப்படையாகக் கூறப்படவில்லை. அன்றாடம் உழைத்துண்போர்க்கு அதுவும் சேதமே.

ஆகவே, எமது கடலை வெறுங்கடலெனக் கொள்ளும் வழக்கினை நாம் மறுத்தல் வேண்டும். விண்பொருள் வீழ்ச்சி பற்றிய அறிவிப்புகள் ஆழ்கடலுக்குப் படகுகள் புறப்படுமுன் மீனவரின் தாய்மொழியில் அவர்களைச் சென்றடைதல் வேண்டும். இழந்த தொழில்நாள் இழப்பாகக் கணக்கிடப்படல் வேண்டும். விண்வெளி வரலாற்றை ஏவுதளங்களிலிருந்து மட்டுமன்றி, கோமாரி போன்ற கரைகளிலிருந்தும் எழுதும்போதே இக்கோரிக்கைகளின் நியாயம் புலனாகும்.