கைமாறும் கடன்

ஃபேரிகளிடம் பட்ட கடனுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதை ஃபேரிகளின் சரித்திரமாகப் படித்தால் குழந்தைக் கதைதான் மிஞ்சும். கடனின் சரித்திரமாகப் படித்தால் ஏதாவது கிடைக்கலாம். ஒரு காலத்து மனிதர்கள் எந்த விதத்தில் கடன்பட்டார்களோ, எதைக் கொடுத்து அடைத்தார்களோ, அடைக்க முடியாதபோது எதை இழந்தார்களோ, அந்த விதமாகத்தான் அவர்களுடைய ஃபேரிகளும் கணக்கு வைத்துக்கொண்டிருக்கின்றன. இதைச் சொல்வதற்கு அமெரிக்க ஜனரஞ்சக நாவல் ஒன்றைத் துணைக்கு அழைக்க வேண்டியிருப்பது நண்பர்கள் சிலருக்கு உவப்பாக இராது. ஜிம் புட்சரின் 'ஸ்மால் ஃபேவர்' (2008), சிகாகோவில் துப்பறிவாளனாகப் பிழைக்கும் மந்திரவாதி ஹாரி டிரெஸ்டனைப் பற்றிய தொடரில் பத்தாவது நாவல். டெலிபோன் டைரக்டரியில் மந்திரவாதி என்றே பெயரைப் பதிவு செய்து வைத்திருப்பவன் இவன். ஃபேரி அரசி ஒருத்திக்குப் பட்ட கடனில் ஒரு தவணையை இந்த நாவலில் அடைக்கிறான்.

ஃபேரி என்ற சொல்லை அப்படியே விட்டுவிடுகிறேன். தேவதை என்றால் நம் மனதில் கோயிலும் படையலும் வந்துவிடுகின்றன. இவற்றுக்குக் கோயில் கிடையாது; ஆனால் வரவு உண்டு.

முதலில் ஒரு வழக்கு. ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியைச் சேர்ந்த பெஸ்ஸி டன்லப் என்ற குடியானவப் பெண் 1576-இல் சூனியக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டாள். வாக்குமூலம் பதிவாகியிருக்கிறது. பிரசவித்து எழுந்த பலவீனம், கணவனும் குழந்தையும் நோயில், பசு செத்துவிட்டது. மாடுகளை ஓட்டிக்கொண்டு அழுதபடி போனவள் முன்னால் நரைத்த தாடியும் கையில் வெள்ளைக் கோலுமாக ஒருவன் வந்தான். பெயர் டாம் ரீட். 1547-இல் பிங்க்கி யுத்தத்தில் இறந்துபோனவன். அதற்குப் பிறகு பலமுறை வந்தான். மூலிகை கொடுத்தான், நோய்க்குப் பக்குவம் சொன்னான், களவுபோன சாமான் எங்கே என்று சொன்னான். வேறு யாரிடமும் போகாமல் என்னிடம் ஏன் வந்தாய் என்று பெஸ்ஸி கேட்டிருக்கிறாள். நீ பிரசவத்தில் படுத்திருந்தபோது பருத்த பெண்ணொருத்தி உள்ளே வந்து உட்கார்ந்து குடிக்க ஏதாவது கேட்டாளே, கொடுத்தாயே, அவள்தான் என் எஜமானி, எல்ஃபேம் அரசி, உனக்குப் பணிசெய்யச் சொல்லி அவள்தான் அனுப்பினாள் என்றானாம்.

இந்தப் பதிவை நான் படித்த இடங்களிலெல்லாம் மருத்துவச்சி, சூனியக்காரி, ஆவி என்ற பேச்சாகவே இருக்கிறது. கணக்கை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. கடன்காரி இங்கே ஃபேரி அரசி. கடன் கொடுத்தவள் பிரசவப் படுக்கையில் கிடந்த ஏழைப் பெண். கொடுத்தது ஒரு வாய் குடிப்பு. அசலும் இல்லை, கெடுவும் இல்லை. திருப்பிக் கேட்கவும் இல்லை. கேட்காமலேயே வருஷக்கணக்கில் திரும்பி வருகிறது. கைமாற்று வாங்குவதும் கைமாறு செய்வதும் அண்டைவீட்டாருக்குள் எப்படி நடக்குமோ அப்படி நடக்கிறது. நியாயஸ்தலத்துக்கு இது புரியவில்லை. புலப்படாத ஒன்றோடு மனிதர் கொள்ளும் உறவில் அவர்கள் அறிந்த ஒரே வகை சாத்தானோடு செய்யும் ஒப்பந்தம். ஞானஸ்நானத்தைத் துறக்கும்படி டாம் ரீட் கேட்டதும், அவள் மறுத்ததும் வாக்குமூலத்திலேயே இருக்கின்றன. இருந்தும் ஒரு வாய் குடிப்பு ஒப்பந்தமாக மாற்றி எழுதப்பட்டு அவள் எரிக்கப்பட்டாள். பதினொரு வருஷம் கழித்து, 1587-இல், ஜெர்மனியில் ஃபாஸ்ட் கதைப் புத்தகம் அச்சாகிறது. அதில் கடன் பத்திரமே உண்டு, ரத்தத்தில் கையெழுத்தோடு. ஃபேரிக் கடனுக்குப் பத்திரம் கிடையாது, வாய்வார்த்தைதான். இந்த வித்தியாசத்தை அந்த நூற்றாண்டின் நீதிபதிகள் கவனித்திருந்தால் சில பெண்கள் பிழைத்திருப்பார்கள்.

அதற்காக ஸ்காட்லாந்தின் ஃபேரிகள் எல்லோரும் நல்ல அண்டைவீட்டார் என்று சொல்லிவிட முடியாது. 1588-இல் எரிக்கப்பட்ட அலிசன் பியர்சனின் வாக்குமூலத்தில் ஃபேரிக் கூட்டத்தில் பத்தில் ஒன்று ஆண்டுதோறும் நரகத்துக்குப் போகிறது என்று வருகிறது. 'டாம் லின்' என்ற கதைப்பாடலில் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கட்டவேண்டிய பாக்கி அது. இந்தக் கதையின் பெயர் 1549-லேயே ஒரு ஸ்காட்லாந்து நூலில் வருகிறது. நாம் அறிந்த பாடம் பர்ன்ஸ் மூலமாக 1796-இல் அச்சேறியது. ஃபேரிகளிடம் சிக்கிய வாலிபன், இந்த முறை தன்னைத்தான் கொடுத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறான். அவனால் கர்ப்பமான பெண் அவனைக் குதிரையிலிருந்து இழுத்துப் பிடித்து மீட்கிறாள்.

பாக்கிக்குப் பாடலில் உள்ள பெயர் டீண்ட். அது மந்திரச் சொல் அல்ல. சாதாரண ஸ்காட்லாந்து வரிச் சொல். விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் திருச்சபைக்குச் சேரவேண்டியது. சபையிலிருந்து அந்த உரிமை குத்தகையாகவும் மானியமாகவும் நிலப்பிரபுக்களின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1560-இன் மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இது இன்னும் பரவியது. உரிமைக்காரன் வந்து தன் கட்டுகளை எடுத்துச் செல்லும்வரை குடியானவன் தன் கதிரை வயலிலிருந்து அகற்றக்கூடாது. மழை வந்தாலும் காத்திருக்க வேண்டும். ஃபேரிகளுக்கும் மேலே ஒரு வரிவசூல்காரன் இருப்பதாகவும், அவர்கள் தங்கள் பங்கை மனித உடம்பாகக் கட்டித் தப்பிப்பதாகவும் அந்த ஊர்க் கற்பனை கண்டுகொண்டது இந்த வயலில் நின்றுதான் என்று நினைக்கிறேன். தன் பாரத்தை அடுத்தவன் தலையில் இறக்கும் இடைத்தட்டு மனிதர்களை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

அயர்லாந்துக்கு வந்தால் வேறொரு விதி. ஏட்ஸ் 1888-இல் தொகுத்த ஐரிஷ் நாடோடிக் கதைத் தொகுப்பில் லென்னன் ஷீ என்ற ஃபேரிக் காதலியைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. மனிதன் அவளை மறுத்தால் அவள் அடிமை. இணங்கினால் அவன் அவளுக்குச் சொந்தம். கவிதைக்கான உத்வேகத்தைத் தந்து உயிரை உறிஞ்சுகிறவள். விடுபட ஒரே வழி தன் இடத்துக்கு இன்னொருவனைப் பிடித்துக் கொடுப்பது. கவிஞர்கள் இந்தக் குறிப்பில் உத்வேகத்தைத்தான் பார்ப்பார்கள். பாங்கியில் வேலை பார்ப்பவனுக்குக் கடைசி நிபந்தனை கண்ணில் படுகிறது. கடன்காரன் மாறலாம், கடன் கொடுத்தவள் மாற மாட்டாள்.

இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டம் இரண்டாவது பாதியில் இதே பிடிவாதம் கொண்டிருந்தது. கடன் என்பது இருவருக்கிடையிலான கட்டு. உனக்கு நான் தரவேண்டியதை நீ மூன்றாமவனுக்கு விற்க முடியாது; பிறர் வழக்கை வலியவன் விலைக்கு வாங்கி எளியவனை நெருக்குவான் என்ற பயம் அதில் இருந்தது. வியாபாரிகளின் உண்டியல்கள் மட்டும் அவர்கள் வழக்கப்படி கைமாறிக்கொண்டிருந்தன. 1704-இல் பிராமிசரி நோட்டுகளுக்கும் அந்த உரிமை சட்டப்படி கிடைத்தது. 1873-இன் நீதிமன்றச் சட்டத்தோடு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து எந்தக் கடனையும் மாற்றிக் கொடுக்கலாம் என்றாயிற்று. நோட்டின் பின்புறம் ஒரு கையெழுத்து விழுந்தவுடன், முகம் தெரியாத ஒருவனுக்கு ஒருவன் கடன்பட்டவனாகிவிடுகிறான். நாள்தோறும் இதைப் பார்க்கிறேன், யாரும் திடுக்கிடுவதில்லை.

திடுக்கிடுவதற்கு ஒரு மந்திரவாதி தேவைப்பட்டான். தொடரின் நான்காவது நாவலான 'சம்மர் நைட்' (2002) இங்கேதான் முக்கியமாகிறது. டிரெஸ்டன் பதினாறு வயதில், தன்னை வளர்த்த கொடிய குருவிடமிருந்து தப்ப, ஃபேரி ஞானத்தாயிடம் சக்தி வாங்கிக் கடன்பட்டவன். அவள் பெயர் லென்னன்ஷீ, ஏட்ஸிடமிருந்து வந்தவளேதான். வருஷங்கள் கழித்து அவனுடைய வாடகை ஆபீசுக்குக் கட்சிக்காரியாக ஒரு பெண் வருகிறாள். குளிர்காலச் சபையின் அரசி மாப். உன் கடனை உன் ஞானத்தாயிடமிருந்து நான் வாங்கிவிட்டேன் என்று அறிவிக்கிறாள். அவன் நம்பவில்லை. கடிதம் பிரிக்கும் கத்தியை அவன் கையாலேயே அவன் மறு கையில் இறங்கச் செய்து, உடைமை மாறியதை நிரூபிக்கிறாள். ஷேக்ஸ்பியரின் மெர்க்யூஷியோ வர்ணித்த மாப், வண்டில் போன்ற சிறு உயிர்கள் சூழ்ந்த மோதிரக் கல் அளவுக் கனவுக்காரி. நானூறு வருஷத்தில் அவள் கடன்பத்திரம் வாங்கி விற்கும் தொழிலுக்கு வந்துவிட்டாள். மூன்று உதவிகள் செய்தால் கணக்குத் தீரும் என்று பேரம் முடிகிறது.

நகர ஃபேன்டஸி என்ற வகை 1980-களில் உருவானது. எம்மா புல்லின் 'வார் ஃபார் தி ஓக்ஸ்' (1987) மினியாபொலிஸ் நகரத்தில் ஃபேரி யுத்தத்தை நடத்தியது. அவற்றில் பலவற்றுக்கு நகரம் வெறும் திரைச்சீலை. புட்சரின் சிகாகோ வேறு. தெரிந்து செய்தாரோ தெரியாமலோ. 1848-இல் வர்த்தக சபை தொடங்கி, தானியக் கிடங்கின் ரசீதுகள் கைமாறி, 1865-இல் வருங்கால விளைச்சலைப் பற்றிய வாக்குறுதிகளுக்கே விதிமுறை வகுத்துச் சந்தை நடத்திய ஊர் அது. வாக்குறுதி பண்டமாகிவிட்ட ஊரில் ஃபேரியின் வாக்குறுதியும் விலைக்குப் போவதில் வியப்பில்லை. 'ஸ்மால் ஃபேவர்' வெளியான 2008-இன் பிற்பகுதியில், மூட்டை கட்டி விற்கப்பட்ட வீட்டுக் கடன்களால் அமெரிக்காவின் பெரிய நிதி நிறுவனங்கள் சரிந்தன. தன் வீட்டின் மீதான கடன் யார் கையில் இருக்கிறது என்று அறியாமலே பலர் வீடிழந்தார்கள். நாவல் இதை முன்னறிவித்தது என்று சொல்வது அசட்டுத்தனம். அந்தக் காற்றைச் சுவாசித்து எழுதப்பட்டது என்பதுதான் உண்மை.

நாவலின் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். சண்டைகளில் பாதியை வெட்டிவிடலாம். அபாயத்தில் ஒவ்வொரு தடவையும் கதாநாயகன் ஹாஸ்யம் பேசுவது எட்டாவது தடவையில் அலுத்துவிடுகிறது. பெண்களை வர்ணிக்கும் பத்திகள் பள்ளிக்கூடப் பையனுடையவை. ஆனால் கடன் வரும் இடங்களில் உரைநடை விழித்துக்கொள்கிறது. இரண்டாவது உதவியாக மாப் கேட்பது, கடத்தப்பட்ட மார்கோன் என்ற தாதாவை மீட்டுத் தருவது. டிரெஸ்டன் வெறுக்கும் ஆசாமி. அவனும் ஃபேரிகளின் பொது உடன்படிக்கையில் கையெழுத்திட்டவன் என்பதால் மாப்புக்கு அக்கறை. பத்திரத்தின் கௌரவம் மட்டுமே அவள் அறிந்த ஒழுக்கம். வேலை நடக்கவேண்டும் என்பதற்காக, கடன்பட்டவனுக்கே தெரியாமல் அவனுடைய நெருப்பு வித்தையின் நினைவை அவன் மனதிலிருந்து எடுத்து ஒளித்துவைக்கிறாள். ஈடாக வைத்ததில் மனமும் சேர்த்தி என்பதை அவன் பின்னால்தான் உணர்கிறான்.

இன்னொரு பக்கம், கோடைச் சபை அவனைக் கொல்ல ஆட்டுத்தலை வீரர்களை அனுப்புகிறது. நார்வேயின் மூன்று ஆடுகள் கதையிலிருந்து வந்தவர்கள். ஒருவன் தோற்றால் அவனைவிடப் பெரிய அண்ணன் வருவான். எல்லோருக்கும் மூத்த ஆடு ஒரு தீவில் டிரெஸ்டனை எதிர்கொள்கிறது. வெல்ல வழியில்லை. அவனிடம் இருப்பது கோடைச் சபை முன்பு தந்த ஓர் ஓக் இலைச் சின்னம். அதைக் காட்டி ஒரு வரம் கேட்கலாம். அந்தச் சபை அவனுக்குப் பட்ட கடன் அது. உயிரைக் கேட்டால் கடமையோடு மோதும், மறுக்கப்படும். அவன் ஒரு டோனட் கேட்கிறான். தின்பதற்கு ஒரு இனிப்பு வடை. அதைக் கொண்டுவந்து தரும்வரை கிழ ஆடு அவன் மீது கை ஓங்க முடியாது, அதற்குள் வேலை முடிந்துவிடும். ஆட்டுக்கும் அவனைக் கொல்லும் ஆசையில்லை என்பதால், புரிந்துகொண்டு, மரியாதையோடு இணங்குகிறது.

பெஸ்ஸி டன்லப்பின் வீட்டில் ஒரு ஃபேரி குடித்துவிட்டுப் போன அந்த ஒரு வாய்க்குப் பிறகு, இந்தச் சரித்திரத்தில் நான் கண்ட அதே அளவிலான பற்று இதுதான். விற்கவும் முடியாது, ஈடுவைக்கவும் முடியாது, ஒருவருக்கொருவர் எதிரே நின்று கொடுத்து வாங்கவேண்டியது. மாப்பின் கணக்கில் இன்னும் ஓர் உதவி பாக்கி நிற்கிறது. இரண்டு வருஷம் கழித்து, 2010-இல் வந்த 'சேஞ்சஸ்' நாவலில், தன் மகளைக் காப்பாற்றுவதற்காக அவன் தானாகவே மாப்பிடம் போய்த் தன்னை முழுவதுமாக எழுதிக் கொடுக்கிறான்.