தேய்ந்த ரிவோல்வரின் சாட்சியம்

பழைய ரிவோல்வர் ஒன்றை வாங்குகிறவர் எதைப் பார்ப்பார்? முதலில் உருளையைத் திறந்து அறைகளில் ரவை இல்லையென்று உறுதிப்படுத்துவார். பிறகு குழலுக்குள் வெளிச்சம் விட்டு, உள்ளே ஓடும் சுருள்வரிகள் கூராக இருக்கின்றனவா, துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். உருளையை ஆட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். நேர் தவறினால் சன்னம் குழல்வாயில் உரசி ஈயத்துகள் பக்கவாட்டில் தெறிக்கும். உருளைக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி கூடினால் வாயு வெளியேறி வேகம் குறையும்.

யாருக்கும் துவக்கு வாங்க யோசனை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 இலிருந்து சாதாரண ஆட்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் அநேகமாக நிறுத்தப்பட்டுவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு. வாங்குகிறவர் குறையென்று ஒதுக்கும் அதே தேய்வும் துருவும் கீறலும்தான் கொலை வழக்கில் சாட்சியாக நிற்கின்றன.

எங்கள் றெஸ்ரோரன்ற் குசினியில் ஒரே கொம்பனியின் ஒரே மாதிரிக் கத்திகள் ஆறு இருக்கின்றன. ஒன்றின் ஓரத்தில் சின்ன உடைவு. அதனால் கரட் வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் அதே இடத்தில் ஒரு கோடு விழும். துண்டைப் பார்த்தே கத்தியைச் சொல்லிவிடலாம். துப்பாக்கிக் குழலும் அப்படித்தான். அதன் தேய்வு சன்னத்தில் கீறலாகப் பதிகிறது. நான் பாதியில் விட்டுவந்த பௌதிகவியல் படிப்பு இதை விளங்கிக்கொள்ளப் போதுமானதாக இருந்தது.

1920களில் அமெரிக்காவில் கல்வின் கொடார்ட்டும் கூட்டாளிகளும் ஒப்பீட்டு நுணுக்குக்காட்டியை இந்த வேலைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு சன்னங்களை ஒரே பார்வையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் கருவி அது. 1929 பெப்ரவரி 14 இல் சிக்காகோவில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரரில் சிலர் பொலிஸ் உடையில் வந்ததால் சந்தேகம் பொலிஸ் மேலேயே விழுந்தது. கொடார்ட் பொலிஸாரின் துப்பாக்கிகளையே சுட்டுப் பார்த்து, இவை அல்ல என்று சொன்னார். பிறகு வேறொருவன் வீட்டில் அகப்பட்ட துப்பாக்கிகள் பொருந்தின.

எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த வழக்கு ஒன்றும் இருக்கிறது. 1967 ஜனவரி 12 இல் சென்னை ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். வீட்டுக்கு வந்திருந்த எம்.ஆர். ராதாவும் சன்னக் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். யார் சுட்டது என்பதில் இரண்டு தரப்பும் இரண்டு கதை சொன்னது. ஊரெல்லாம் வதந்தி. கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் சுவர்களில் ஒட்டப்பட்டு, அந்தத் தேர்தலில் அவர் பரங்கிமலையில் வென்றார்.

வழக்கில் ரிவோல்வரும் சன்னங்களும் பரிசோதிக்கப்பட்டன. அவ்வளவு கிட்டத்தில் சுட்டும் இருவரும் பிழைத்தது எப்படி? ரவைகள் பல வருசம் பழையவை, மேசை லாச்சியில் உருண்டு உரசி, சன்னத்தைக் கோது இறுக்கிப் பிடிக்கும் பிடி தளர்ந்துவிட்டது, அதனால் வேகம் குறைந்தது என்பது தடயவியல் விளக்கம். ராதாவுக்கு ஏழு வருசச் சிறைத்தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. தீர்ப்பை இன்றும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாதாடுவதற்கு ஒரு தீர்ப்பாவது இருக்கிறது.

இனி எங்கள் ஊரைப் பாருங்கள். 1983 ஜூன் 3 இல் அவசரகால விதி 15 ஏ வந்தது. மரண விசாரணையில்லாமலே சடலத்தைப் புதைக்கவோ எரிக்கவோ அது வழி திறந்துவிட்டது. சடலத்தோடு சன்னமும் போனது. எந்தத் துவக்கு, யார் கையில் இருந்தது என்ற கேள்வியும் போனது. மறுபக்கத்தில் இயக்கங்கள் மின்கம்பத்தில் கட்டிச் சுட்டபோது கழுத்தில் தொங்கிய மட்டைதான் தீர்ப்பு. வெற்றுக்கோதைப் பொறுக்கி வைத்தவர் யாருமில்லை.

நுணுக்குக்காட்டி தெய்வம் அல்ல என்பதும் உண்மை. ஒப்பிடுகிறவரின் தனிப்பட்ட தீர்மானத்தில் இது அதிகம் தங்கியிருக்கிறது என்று 2009 இல் அமெரிக்க தேசிய விஞ்ஞான அக்கடமியின் அறிக்கை குறை சொன்னது. அப்படிக் குறை சொல்வதற்கும் முதலில் யாரோ பரிசோதித்திருக்க வேண்டும்.

ரொறன்ரோவில் கீல் வீதிப் பக்கம் 2013 இல் திறந்த பெரிய தடயவியல் கட்டடம் இருக்கிறது. மாகாணத்தின் தடயவியல் நிலையமும் மரண விசாரணை அதிகாரியின் அலுவலகமும் அதற்குள்தான். இந்த நகரத்தில் எங்கள் பொடியன் ஒருவன் சுடப்பட்டால், அவன் யாராக இருந்தாலும், கோது பொறுக்கப்படும், சன்னம் எடுக்கப்படும். வழக்கு வெல்லலாம், தோற்கலாம். ஊரில் செத்தவர்களுக்கு நாங்கள் நினைவுநாள் வைக்கிறோம், விளக்குக் கொளுத்துகிறோம். இந்தச் சின்ன மரியாதை மட்டும் அவர்களில் அநேகம் பேருக்குக் கிடைக்கவில்லை. நீதி கேட்கிற நாங்கள் இதையும் சேர்த்தே கேட்க வேண்டும், எங்கள் பக்கம் சுட்ட துவக்குகளுக்கும் சேர்த்து.