நிறவெறிச் சட்டங்களும் கேப் டவுன் இமாமும்: தென்னாப்பிரிக்க முஸ்லிம்களின் எதிர்ப்பு வரலாறு

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வரும் பெயர் நெல்சன் மண்டேலா. அவர் 27 ஆண்டுகள் சிறையில் இருந்தார் என்பதைப் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறார்கள். ஆனால் அதே போராட்டத்தில் பள்ளிவாசல் மிம்பரில் நின்று குரல் கொடுத்து, காவல்துறையின் பிடியிலேயே உயிரிழந்த ஓர் இமாமைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை. அவர் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் (ரஹ்). அவரது வரலாற்றை விளங்கிக்கொள்ள அந்த நாட்டுச் சட்டங்களின் வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேப் முஸ்லிம்கள் யார்?

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனையில் உள்ள கேப் டவுனுக்கு இஸ்லாம் விலங்கு பூட்டிய கைகளுடன்தான் வந்து சேர்ந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை போன்ற இந்தியப் பகுதிகளிலிருந்தும் மக்களை அடிமைகளாகக் கொண்டுபோனது. தன்னை எதிர்த்த தலைவர்களையும் அங்கேதான் நாடு கடத்தியது. மகாஸரைச் சேர்ந்த ஷைகு யூசுஃப் (ரஹ்) அவர்களை முதலில் இலங்கையில் வைத்திருந்து, பின்னர் 1694-இல் கேப்புக்கு அனுப்பியது. திதோரைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ் என்ற துவான் குரு (ரஹ்) 1780-இல் கைதியாகக் கொண்டுவரப்பட்டார். ராபன் தீவுச் சிறையில் நினைவிலிருந்தே குர்ஆனை எழுதினார். விடுதலையான பின் 1793-இல் மத்ரஸா தொடங்கினார்.

டச்சுக்காரர் காலத்தில் இஸ்லாமிய வணக்கத்தை வெளிப்படையாக நிறைவேற்றத் தடை இருந்தது. 1804-இல்தான் மதச் சுதந்திரம் கிடைத்தது. பள்ளிவாசல்கள் எழுந்தன, பாங்கு ஒலித்தது. இதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். "உங்கள் தொழுகைக்குத் தடையில்லையே, பிறகு ஏன் அரசியல்?" என்ற கேள்வி பிற்காலத்தில் எழுந்தபோது, அதற்கு விலை கொடுத்துப் பதில் சொன்னவர்தான் இமாம் ஹாரூன்.

முதல் எதிர்ப்பு: 1906 முதல் 1914 வரை

நிறத்தை வைத்து மனிதர்களைப் பிரிக்கும் சட்டங்கள் 1948-க்கு முன்பே இருந்தன. 1906-இல் டிரான்ஸ்வால் அரசு, 8 வயதுக்கு மேற்பட்ட ஆசியர் அனைவரும் கைரேகை கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 11-இல் ஜோஹன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் இந்தியர்கள் திரண்டனர். சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று இறைவன் பெயரால் உறுதி எடுப்போம் என அந்தக் கூட்டத்தில் எழுந்து சொன்னவர் ஹாஜி ஹபீப். காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் அந்த உறுதிமொழியிலிருந்து தொடங்கியது. காந்தியைத் தென்னாப்பிரிக்காவுக்கு வழக்கு வேலைக்காக அழைத்ததும் தாதா அப்துல்லாஹ் என்ற முஸ்லிம் வணிகரின் நிறுவனம்தான்.

1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோஹன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் வளாகத்தில் 2,000-க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றுகள் ஒரு பெரிய இரும்புப் பாத்திரத்தில் போட்டு எரிக்கப்பட்டன. அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் வணிகர் அஹ்மத் முஹம்மத் கச்சாலியா. போராட்டத்திலிருந்து விலகாவிட்டால் கடனை உடனே அடைக்க வேண்டும் என்று வெள்ளைக் கடன்காரர்கள் நெருக்கினார்கள். அவர் வியாபாரத்தை இழந்தார், போராட்டத்தை விடவில்லை. கடைசியில் கடன்காரர்களுக்குச் சேர வேண்டியதையும் முழுமையாகச் செலுத்தினார்.

1913-இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சீர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்பது அதன் விளைவு. ஒரே நாளில் முஸ்லிம், இந்துக் குடும்பங்களின் மனைவிமார் சட்டத்தின் கண்ணில் மனைவியராக இல்லாமல் போனார்கள். இது பெண்களையும் களத்துக்குக் கொண்டுவந்தது. நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்த கூலித் தொழிலாளர்கள் மீது விதிக்கப்பட்ட 3 பவுண்டு வரியை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அவர்களில் தமிழர்கள் ஏராளம். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறைவாசத்தில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில் 1914 பிப்ரவரி 22-இல் தன் 16-ஆம் வயதில் இறந்தார். அந்த ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அந்த வரியை நீக்கியது, திருமணங்களுக்கும் அங்கீகாரம் அளித்தது.

1948-க்குப் பிறகு: பிரிவினையே ஆட்சிமுறை

1948-இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் 'அபார்தைட்' என்ற பிரிவினை, நாட்டின் ஆட்சிமுறையாகவே ஆனது. வாழ்வின் ஒவ்வொரு துறைக்கும் ஒரு சட்டம் வந்தது.

1949: கலப்புத் திருமணத் தடைச் சட்டம். வெள்ளையருக்கும் மற்றவருக்கும் இடையே திருமணம் கூடாது.

1950: மக்கள் பதிவுச் சட்டம். ஒவ்வொரு மனிதரும் வெள்ளையர், கறுப்பர், 'கலர்டு' என்று பதிவு செய்யப்பட்டார். கேப் முஸ்லிம்களில் பெரும்பாலோர் 'கலர்டு' பிரிவில் வைக்கப்பட்டனர்.

1950: குழுப் பகுதிகள் சட்டம். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம், எங்கே கடை வைக்கலாம் என்பதை அரசு முடிவு செய்தது.

1953: தனித்தனி வசதிகள் சட்டம். பேருந்து, பூங்கா, கடற்கரை, கழிப்பறை எல்லாம் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டன.

இவற்றில் நம் சகோதரர்களின் வீட்டு வாசலுக்கே வந்தது குழுப் பகுதிகள் சட்டம். கேப் டவுனின் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதியில் முஸ்லிம்கள் பெருமளவில் வாழ்ந்தனர். 1966 பிப்ரவரி 11-இல் அது வெள்ளையர் பகுதி என அறிவிக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன; பள்ளிவாசல்கள் நின்றன. வெளியேற்றப்பட்டவர்கள் தொலைவிலிருந்து வந்து அங்கே தொழுதார்கள்.

எதிர்ப்பும் அரசின் பதிலும்

1952 ஜூன் 26-இல் 'சட்டமறுப்பு இயக்கம்' தொடங்கியது. வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதிய வாசல்கள் வழியே தொண்டர்கள் நுழைந்தார்கள், கைதானார்கள். 8,000-க்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். தொண்டர் படைக்குத் தலைவர் மண்டேலா, துணைத் தலைவர் மௌலவி இஸ்மாயில் கச்சாலியா. இவர் முன்பு சொன்ன வணிகர் கச்சாலியாவின் மகன், தேவ்பந்த் தாருல் உலூமில் ஓதியவர். மத்ரஸாவில் ஓதிய ஆலிம் ஒருவர் அந்த வரலாற்றுப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றார் என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

அரசு இதற்குக் கொடுத்த பதில் படிப்படியாகக் கடுமையானது. 1953-இல் வந்த சட்டம், எதிர்ப்பின் அடையாளமாகச் சட்டத்தை மீறினால் மூன்று ஆண்டுச் சிறையும் கசையடியும் என்றது. 1960 மார்ச் 21-இல் ஷார்ப்வில்லில் அனுமதிச்சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் உயிரிழந்தனர். உடனே நெருக்கடி நிலை வந்தது. இரு பெரும் விடுதலை இயக்கங்களும் தடை செய்யப்பட்டன. 1963-இல் வழக்கில்லாமல் 90 நாள் காவல், 1965-இல் 180 நாள், 1967-இல் பயங்கரவாதச் சட்டம். அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி ஒருவரைக் காலவரையின்றி அடைத்து வைக்கலாம். வழக்கறிஞர் பார்க்க முடியாது, குடும்பம் பார்க்க முடியாது, நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது. பூட்டிய அறைக்குள் என்ன நடந்தாலும் வெளியே சொல்ல ஆளில்லாத நிலையைச் சட்டமே உருவாக்கிக் கொடுத்தது.

இமாம் ஹாரூனின் வழி

1924 பிப்ரவரி 8-இல் கேப் டவுனில் பிறந்த அப்துல்லாஹ் ஹாரூன், இளமையில் மக்காவுக்குச் சென்று மார்க்கக் கல்வி கற்றவர். 1955-இல் கிளேர்மான்ட் அல்ஜாமிஆ பள்ளிவாசலுக்கு இமாமானார். 1958-இல் இளைஞர்களுக்காகக் கிளேர்மான்ட் முஸ்லிம் இளைஞர் சங்கம் உருவானது. 'முஸ்லிம் நியூஸ்' பத்திரிகைக்கும் ஆசிரியராக இருந்தார். 1961 மே மாதம் நகரில் நடந்த கூட்டத்தில், குழுப் பகுதிகள் சட்டம் மனிதத்தன்மையற்றது, இஸ்லாத்துக்கு முரணானது என்று வெளிப்படையாகப் பேசினார். அதே சட்டம் பின்னர் அவர் குடும்பத்தையும் கிளேர்மான்டிலிருந்து அத்லோனுக்கு இடம்பெயரச் செய்தது.

பிழைப்புக்கு மிட்டாய் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தார். அந்த வேலை காரணமாகக் கறுப்பின மக்கள் மட்டும் வாழ்ந்த லங்கா, குகுலேத்து, நியாங்கா பகுதிகளுக்குள் செல்ல வழி கிடைத்தது. அங்குள்ள மக்கள் அவரைத் தங்கள் மொழியில் 'ம்ஃபுண்டிசி' (சமயப் பெரியவர்) என்று அழைத்தார்கள். சிறையிலிருந்தவர்களின் குடும்பங்களுக்குப் பண உதவி சேர்ப்பித்தார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். நிறத்தால் யாருக்கும் மேன்மை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜில் போதித்ததை மிம்பரில் சொல்லிவிட்டு, மறுநாள் அதன்படி நடந்து காட்டியவர் அவர்.

1969 மே 28 காலையில் பாதுகாப்புப் போலீஸார் அவரை அழைத்துச் சென்றனர். அன்று மீலாது நாள். பயங்கரவாதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின் கீழ் 123 நாட்கள் தனிமைக் காவல். செப்டம்பர் 27-இல் மெய்ட்லாந்து காவல் நிலையத்தில் அவர் இறந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. படிக்கட்டில் வழுக்கி விழுந்தார் என்றது போலீஸ். உடற்கூறாய்வில் 27 காயங்களும் உடைந்த விலா எலும்பும் பதிவாயின. அப்போது அவருக்கு வயது 45.

செப்டம்பர் 29-இல் நடந்த ஜனாஸாவில் ஏறத்தாழ 40,000 பேர் கலந்துகொண்டனர். அத்லோனிலிருந்து மௌப்ரே மையவாடி வரை சுமார் பத்து கிலோமீட்டர் ஜனாஸாவைத் தோளில் சுமந்தே சென்றனர். அன்றிரவு கேப் பகுதியை 6.3 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. அதை அந்த ஊர் மக்கள் இன்றும் இமாமின் நினைவோடு சேர்த்தே பேசுகிறார்கள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்திலும் அவருக்கு நினைவுக் கூட்டம் நடந்தது.

அதேநேரம், உள்ளூர் முஸ்லிம் தலைமை அவருக்காகப் போதிய அளவு குரல் கொடுக்கவில்லை என்ற விமர்சனமும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. பயமும், "தொழுகைக்குத் தடையில்லையே" என்ற நிம்மதியும் அதற்குக் காரணங்கள். பயந்தவர்களைப் பழிப்பது எளிது. பிள்ளை குட்டிகளோடு அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த மௌனம் அவர்களைக் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. மௌனமாக இருந்தவர்களின் வீடுகளும் இடிக்கப்பட்டன.

54 ஆண்டுகள் கழித்து ஒரு தீர்ப்பு

1970-இல் நடந்த மரண விசாரணை, காயங்களில் ஒரு பகுதியைப் படிக்கட்டில் விழுந்ததன்மேல் சுமத்தியது. யாரையும் குற்றவாளியாகச் சொல்லவில்லை. இமாம் ஹாரூன் மட்டும் அல்ல. 1964-இல் சுலைமான் சலூஜி, 1971-இல் ஆசிரியர் அஹ்மத் திமோல், 1977-இல் ஸ்டீவ் பிக்கோ எனக் காவலில் இறந்தோர் பலர். திமோல் ஜோஹன்னஸ்பர்க் காவல் தலைமையகத்தின் மாடியிலிருந்து தானே குதித்தார் என்றது அன்றைய விசாரணை. 2017 அக்டோபரில் மறுவிசாரணை நீதிபதி, அது தற்கொலை அல்ல, கொலை என்று தீர்ப்பளித்தார்.

அந்தத் தீர்ப்பு மற்றக் குடும்பங்களுக்கும் நம்பிக்கை தந்தது. இமாம் ஹாரூனின் வழக்கு 2022 நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. 2023 அக்டோபர் 9-இல் நீதிபதி டேனியல் துலாரே, பழைய முடிவை ரத்து செய்து, இமாம் சித்திரவதையால் இறந்தார், அதற்குக் காவல்துறையினரே பொறுப்பு என்று அறிவித்தார். அதைக் கேட்க இமாமின் துணைவியார் கலீமா ஹாரூன் இல்லை. கணவர் அடக்கம் செய்யப்பட்டு ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 2019 செப்டம்பர் 29 அன்றே அவர் வஃபாத் ஆகியிருந்தார். பிள்ளைகள் அந்தத் தீர்ப்பைக் கேட்டார்கள்.

இனப்பதிவுச் சட்டமும் குழுப் பகுதிகள் சட்டமும் 1991-இல் நீக்கப்பட்டன. 1994 ஏப்ரல் 27-இல் எல்லா நிறத்தவரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தனர். கிளேர்மான்டில் இன்று ஒரு சாலைக்கு இமாம் ஹாரூன் பெயர்.

சட்டம் என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது. பாங்கு ஒலிப்பதாலேயே ஓர் ஊரில் நீதி இருக்கிறது என்று ஆகிவிடாது. அண்டை வீட்டார் எந்த மார்க்கத்தார் ஆனாலும், அவருக்கு இழைக்கப்படும் அநீதி நம் தொழுகைக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல. இந்த வரலாற்றை வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து ஒருமுறை வாசிப்போம். அல்லாஹ் இமாம் ஹாரூன் அவர்களையும், நீதிக்காக உயிர்நீத்த நம் சகோதரர்களையும் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.