நீ யார் கணக்குல இருக்கே?

பிப்ரவரி பொறந்துட்டா எங்க லேப்ல ஒரு ஃபோன் கால் கட்டாயம் காதுல விழும். அண்டர்கிராட் பசங்க வீட்டுக்குக் கூப்பிட்டு, "இந்த வருஷம் என்னை உங்க ரிட்டர்ன்ல டிபெண்டென்ட்டா போடுறீங்களா, இல்லையா?"ன்னு கேப்பாங்க. ரேஷன் கார்டுல பேர் இருக்கா, எடுத்தாச்சான்னு கேக்குற தொனி. முதல் வருஷம் எனக்கு இது வேடிக்கையா இருந்துச்சு. அப்புறம் தோண்டிப் பாத்தா, பின்னாடி நூறு வருஷத்துக்கு மேல கதை. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே, பொறுத்துக்குங்க.

அமெரிக்காவுல இப்ப இருக்கிற வருமான வரி 1913-ல வந்தது. அதுல பிள்ளைகளுக்குன்னு சலுகை எதுவும் கிடையாது. முதல் உலகப் போருக்குக் காசு தேவைப்பட்டு 1917-ல வரியை ஏத்தினப்போதான், பிள்ளைக்கு 200 டாலர்னு ஒரு விலக்கு குடுத்தாங்க. ஆனா பிள்ளைக்கு 18 வயசுக்குக் கீழ இருக்கணும், இல்லைன்னா தானா சம்பாதிக்க முடியாத நிலையில இருக்கணும். காலேஜ்ல படிக்கிற 20 வயசுப் பையன் இந்த ரெண்டுலயும் சேர மாட்டான். அப்பா எவ்வளவு ஃபீஸ் கட்டினாலும் சரி, சட்டத்துக்கு அவன் தனி ஆள். தோளுக்கு மேல வளர்ந்தா தோழன்னு நாம சொல்றதை அவங்க அப்படியே சட்டமாக்கிட்ட மாதிரி :-)

இதைப் பத்தி அப்ப பெருசா யாரும் கவலைப்படலை. வரி கட்டினவங்களும் கொஞ்சம், காலேஜ் போனவங்களும் கொஞ்சம். ரெண்டாம் உலகப் போர் அதை மாத்திடுச்சு. 1939-ல வரி விழுந்த ரிட்டர்ன் சுமார் 40 லட்சம்தான். 1945-ல நாலு கோடிக்கு மேல. இத்தனை சாதாரண ஜனங்க வரி கட்ட வந்ததும் சட்டத்தை எளிமையாக்க வேண்டியதாப் போச்சு. 1944-ல வயசு வரம்பைத் தூக்கிட்டாங்க. சொந்தக்காரரா இருக்கணும், செலவுல பாதிக்கு மேல நீங்க குடுக்கணும், அவரோட வருமானம் 500 டாலருக்குக் கீழ இருக்கணும். அவ்வளவுதான், 500 டாலர் விலக்கு. 1948-ல விலக்கு 600 ஆச்சு, அப்புறம் வருமான வரம்பும் 600 ஆச்சு.

காலேஜ் பிள்ளை மறுபடியும் குடும்பக் கணக்குக்குள்ள வந்தாச்சு. ஆனா அந்த 600-லதான் வில்லங்கம். லீவுல ஹோட்டல்ல தட்டு கழுவி 599 டாலர் சம்பாதிச்சா பிரச்சினை இல்லை. இன்னும் ஒரு டாலர் சேர்ந்தா அப்பாவோட மொத்த விலக்கும் போச்சு. வரி 20 சதம்னு வச்சாக்கூட, பையன் சம்பாதிச்ச அந்த ஒரு டாலரால வீட்டுக்கு 120 டாலர் நஷ்டம். உழைச்சுப் படிக்கிற பிள்ளைக்கு சட்டமே "போதும், வேலையை நிறுத்து"ன்னு சொன்ன மாதிரி. ஜனாதிபதி ஐசனோவரே 1954 பட்ஜெட் செய்தியில இதை மாத்தணும்னு கேட்டார்.

அதே வருஷம் வந்த புது வரிச் சட்டம் மாத்தியும் குடுத்துச்சு. பிள்ளை 19 வயசுக்குக் கீழ இருந்தாலோ, வருஷத்துல 5 மாசம் முழுநேர மாணவனா இருந்தாலோ, எவ்வளவு சம்பாதிச்சாலும் பரவாயில்லை. பாதிக்கு மேல செலவு பெத்தவங்க பாத்தா போதும். ஸ்காலர்ஷிப்பை செலவுக் கணக்குல சேக்க வேண்டாம். இன்னொரு போனஸ்: பையனும் தன் ரிட்டர்ன்ல தனக்கு விலக்கு எடுத்துக்கலாம், அப்பாவும் அவனைக் காட்டி எடுத்துக்கலாம். ஒரே தலைக்கு ரெண்டு விலக்கு! முப்பது வருஷத்துக்கு மேல இது ஓடுச்சு.

1986-ல ரீகன் கையெழுத்துப் போட்ட வரிச் சீர்திருத்தம் இதுக்கு முற்றுப்புள்ளி வச்சுது. இன்னொருத்தர் கணக்குல வர்றவங்க தனக்குன்னு விலக்கு எடுக்க முடியாது. டிபெண்டென்ட்டுக்கு 5 வயசு ஆயிட்டா சோஷியல் செக்யூரிட்டி நம்பர் போடணும்னும் வந்துச்சு. அடுத்த முறை ரிட்டர்ன் வந்தப்போ சுமார் 70 லட்சம் 'பிள்ளைங்க' காணாமப் போயிருந்தாங்க. பொறக்கவே பொறக்காத பிள்ளைங்க எத்தனையோ! 1988-ல மாணவர் சலுகைக்கு 24 வயசு வரம்பும் வந்துச்சு. பிஎச்டி பண்ணிக்கிட்டே முப்பது வயசு வரைக்கும் 'பிள்ளையா' இருந்தவங்க பாடு அதோட முடிஞ்சது.

2005-லேர்ந்து கேள்வியே திரும்பிடுச்சு. அதுவரைக்கும் "பாதிக்கு மேல பெத்தவங்க குடுத்தாங்களா?" இப்ப, "பாதிக்கு மேல பிள்ளையே போட்டுக்கிட்டானா?" ஹாஸ்டல்ல இருந்தாலும் வீட்ல இருந்த மாதிரிதான் கணக்கு. 2017 சட்டம் விலக்கையே பூஜ்ஜியமாக்கி, 17 வயசு தாண்டின டிபெண்டென்ட்டுக்கு 500 டாலர் கிரெடிட்னு சுருக்குச்சு. 2025-ல அதையே நிரந்தரமாக்கிட்டாங்க.

இதோட வலி எனக்குப் புரிஞ்சது லேப்ல இப்ப கூட இருக்கிற ஒருத்தன் கதையைக் கேட்டப்போதான். 2020 மார்ச்ல அவனுக்கு 20 வயசு. காலேஜ் மூடி, ஹோட்டல் வேலையும் போச்சு. அரசாங்கம் பெரியவங்களுக்கு 1200 டாலர், 17 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு 500 டாலர்னு அனுப்புச்சு. அம்மா ரிட்டர்ன்ல டிபெண்டென்ட்டா இருந்ததால அவன் பெரியவன் இல்லை. 17 தாண்டினதால பிள்ளையும் இல்லை. அவனுக்கும் வரலை, அவன் பேர்ல அம்மாவுக்கும் வரலை. அந்த டிசம்பர்ல வந்த 600 டாலர்லயும் இதே கதி. 2021 மார்ச்லதான் எந்த வயசு டிபெண்டென்ட்டா இருந்தாலும் 1400 டாலர்னு சரி பண்ணாங்க.

"அம்மாவுக்கு வரியில கொஞ்சம் குறையுமேன்னுதான் டிக் பண்ணச் சொன்னேன்"னான். அவங்க அம்மா ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாங்களாம்.

நூறு வருஷமா சட்டம் கேட்டது ஒரே கேள்விதான்: வளர்ந்த பிள்ளை இன்னும் பிள்ளையா? பதில் ஒவ்வொரு தடவையும் அப்ப கஜானா இருந்த நிலைமையைப் பொறுத்து மாறியிருக்கு. வீட்ல அந்தக் கேள்வியை யாரும் கேக்குறதில்லை. இப்பெல்லாம் பசங்க ஃபோன்ல பேசுறப்போ எனக்குச் சிரிப்பு வர்றதில்லை.

டிஸ்கி: நான் ஆடிட்டர் இல்லை. இதை நம்பி ரிட்டர்ன் போட்டுட்டு என்னைத் திட்டாதீங்க :-)