சுவர் சுமந்த கதை: நெய்வேலி வீடுகளில் கட்டையும் பிளக்கும்

நெய்வேலி நகரிய வீடுகளில் தட்டுமுட்டுச் சாமான்கள் எதைப் பற்றிக்கொண்டு நின்றன என்று பார்த்தால், கூரையில் தொங்கிய சுமை சுவருக்குள் புகுந்ததும், சுவருக்குள்ளிருந்து தரைக்கு இறங்கியதும், இப்போது மீண்டும் சுவரை நாடிவந்திருப்பதும் புலப்படும். பலகைகளாகப் பெட்டியில் வந்து வீட்டில் பூட்டப்படும் அலமாரியைச் சுவரோடு பிணைக்கச் சொல்லும் இன்றைய அறிவுரை புதிதாகத் தோன்றினாலும், அதற்குப் பின்னால் நீண்டதொரு கைத்தொழில் வரலாறு இருக்கிறது.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளே பழுப்பு நிலக்கரி என்று பின்னர் அறியப்பட்டது. அதை வெட்டியெடுப்பதற்கான நிறுவனம் 1956 நவம்பரில் பதிவாகி, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த பின், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிற்றூர்கள் பல காலியாக, ‘வட்டம்’ என்று எண்ணிட்டு அழைக்கப்படும் பகுதிகளாக நகரியம் எழுந்தது. அதற்கு முன்பு அப்பக்கத்தில் பரவலாக இருந்த மண்சுவர்க் கூரைவீட்டில் சுவரை நம்பி எவரும் எதையும் மாட்டவில்லை. காய்ந்த மண்ணில் ஆணி அடித்தால் மண் உதிர்ந்து ஆணி ஆடும் ஆதலால், தயிர்ப்பானை உறியில் ஏறி விட்டத்திலிருந்து தொங்கியது. துணிமணிக்கு மூங்கில் கொடி இருபுறமும் கயிற்றால் கட்டப்பட்டது. விளக்குக்கு மாடக்குழி இருந்தது. முளைக்குச்சி தேவையென்றால் சுவர் எழுப்பும்போதே ஈரமண்ணில் பதித்துவிடுவார்கள். எழுந்துவிட்ட சுவரில் துளையிட்டுப் பொருத்துவது என்ற வேலையே அங்கு ஏறக்குறைய இல்லை எனலாம்.

செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும் கொண்ட நகரியக் குவார்ட்டர்ஸ் இந்த நிலையை ஓரளவுதான் மாற்றியது. அக்காலப் பொதுத்துறைக் குடியிருப்புகளின் பொது வழக்கப்படி, சுவரில் ஆழமாக விடப்பட்ட குழிவில் சிமெண்டுப் பலகையையோ கடப்பைக்கல்லையோ பதித்துச் சுவர் அலமாரி அமைத்தார்கள். மாடக்குழி பெரிதாகியதே இது என்று சொல்வதில் தவறில்லை. பொருளின் எடை சுவரின் கனத்துக்குள்ளேயே இறங்கியதால், பிடுங்கி விழும் பேச்சுக்கே அங்கு இடமில்லை.

சுவரில் துளையிடும் தொழிலை வீடுதோறும் கொண்டுவந்தது அறைகலன் அன்று, மின்சாரம். முதல் அனல்மின் நிலையம் 1962இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்தத் தலைமுறை வீடுகளில் மின்கம்பி சுவருக்குள் மறைந்து ஓடாமல், தேக்குச் சட்டத்தின் மேல் கிளிப்பால் இறுக்கப்பட்டுச் சுவரின் வெளிப்புறத்திலேயே ஓடியது. பேட்டன் வயரிங் என்று வழங்கிய இந்த முறையில் சட்டத்தைச் சுவரில் திருகாணியால் நிறுத்த வேண்டியிருந்தது; திருகாணியோ செங்கல்லில் பிடிக்காது. ஆகவே மின்பணியாளர் உளியால் சிறு சதுரக் குழி வெட்டி, அதில் மரக்கட்டை பதித்து, அந்தக் கட்டையில் திருகாணியை ஏற்றினார். இக்கட்டைக்கு இந்தியத் தர விதிகள் வகுத்த அளவு கவனிக்கத்தக்கது: பதப்படுத்திய தேக்கு அல்லது வேறு கடினமரம், நீளம் குறைந்தது 5 செ.மீ., உள்முனை 2.5 செ.மீ. சதுரம், வெளிமுனை 2 செ.மீ. சதுரம். சாதாரண ஆப்பு கூரிய முனையோடு உள்ளே போவது. இதுவோ அகன்ற முனை உள்ளிருக்க, குறுகிய முனை வெளியே தெரிய, சிமெண்டில் புதைந்து கிடப்பது. அவ்வாறு புதைந்த கட்டையை இழுத்தால் அதன் அகன்ற பகுதி சிமெண்டின் குறுகிய வாயில் சிக்கிக்கொள்ளும். அவசர வேலையாக, செதுக்கிய கட்டையைக் குழியில் வெறுமனே அறைந்துவிட்டுப் போனால், சில கோடைகளில் மரம் சுருங்கி, திருகாணியும் கட்டையும் சேர்ந்தே கையோடு வந்துவிடும். விதிப்படி செய்த கட்டைக்கு வேலை மிகுதி. ஒரு அறைக்குப் பத்திருபது கட்டை என்றால் சிமெண்டு இறுகக் காத்திருக்கும் நேரமே ஒரு நாளாகும்.

இந்தத் தாமதத்துக்கு மாற்றான ராவல் பிளக் இதற்கு வெகுமுன்பே பிறந்திருந்தது. லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரர், பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சுவர்களைச் சிதைக்காமல் மின்பொருத்திகளை மாட்டுவதற்காக, சணல் நாரைப் பசையால் இறுக்கிய சிறு குழலை 1911இல் உருவாக்கினார். சிறு வட்டத்துளையில் இதைச் செருகித் திருகாணியை முறுக்கினால் நார் நாற்புறமும் பிதுங்கித் துளைச்சுவரை அழுத்தும். அந்த உராய்வே பிடிப்பு. அன்று உலகச் சணலின் பெரும்பங்கு வங்காளத்தில் விளைந்ததால், ஆங்கிலேயச் சுவர்களைப் பிடித்துநின்ற நாரும் பெரும்பாலும் இந்திய மண்ணிலிருந்தே போயிருக்கும் என்று கொள்ளலாம். பின்னர் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958இல், நெய்வேலியில் சுரங்கம் வெட்டத் தொடங்கிய அடுத்த ஆண்டில், அதே தத்துவத்தை நைலானுக்கு மாற்றினார். பிளவுபட்ட நைலான் குழல் ஈரத்தில் மட்காது, கரையானுக்கும் இரையாகாது. எனினும் வட்டத்துளை போட ட்ரில் மெஷின் வேண்டும் என்பதால், அது மலிந்து சிறு கடைக்காரரின் தோள்பையில் ஏறும்வரை, தமிழகத்துச் சிறுநகரங்களில் தேக்குக் கட்டையின் ஆட்சி தொடர்ந்தது. தட்டையான தொலைக்காட்சிப் பெட்டியைச் சுவரில் மாட்டும் வழக்கம் வந்த பின்னரே, சாதாரணக் குடும்பம் ‘எத்தனை எம்எம் பிட்டு’ என்று கேட்கப் பழகியது.

இதற்கிடையே தரையில் நின்ற பொருள்கள் சுவரின் உதவியை நாடவில்லை. இரும்பு பீரோ தன் கனத்தாலேயே நின்றது. தரை சற்றே முன்புறம் சரிந்திருந்தால், முன்காலடியில் மடித்த அட்டையையோ மரச்சில்லையோ செருகிப் பின்பக்கம் சாய்வு கொடுக்கும் வழக்கம் தமிழக வீடுகளில் பரவலாக உண்டு. கதவைத் திறந்ததும் பீரோ முன்னால் தள்ளாமல் இருக்க அனுபவம் கண்ட வழி அது. கழற்றிப் பூட்டும் சாமானும் அந்நாளில் இல்லாமலில்லை. பதவி உயர்வு வந்தால் பெரிய குவார்ட்டர்ஸுக்கு மாறும் ஊழியர் குடும்பத்துக்குப் பிரித்துக் கட்டும் கட்டிலும், துளைவரிசை கொண்ட இரும்பு ஆங்கிள் ரேக்கும் மிகவும் தோதானவை. 1940களின் இறுதியில் லண்டனில் டிமெட்ரியஸ் கொமினோ தொழிற்சாலைகளுக்காக உருவாக்கிய அந்தத் துளை ஆங்கிள், இந்தியப் பட்டறைகளில் மலிவாக அடிக்கப்பட்டு, தமிழகச் சமையலறைகளின் பாத்திர ரேக்காகவும் மாணவரின் புத்தக ரேக்காகவும் மாறியது. பெட்டியில் அடைத்த பலகை அலமாரிக்கு ஐரோப்பியப் பரம்பரை சொல்வோர் 1956இல் மேசைக்காலைக் கழற்றிய சுவீடன் வடிவமைப்பாளர் கில்லிஸ் லுண்ட்கிரெனிடம் தொடங்குவார்கள். இங்குள்ள வீடுகளுக்கு அதன் உண்மையான முன்னோடி ஆங்கிள் ரேக்தான்.

பலகை அலமாரி, பீரோவைப் போல உயரமானது, ஆனால் அதன் கனம் இல்லாதது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையால் ஆன 180 செ.மீ. உயரமும் 40 செ.மீ. ஆழமும் 40 கிலோ எடையும் கொண்ட இழுப்பறை அலமாரி ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் மூடியிருக்கையில் அதன் எடை மையம் முன்விளிம்புக்கு 20 செ.மீ. பின்னால் இருப்பதால், அதைக் கவிழாமல் பிடிக்கும் திருப்புத்திறன் (எடை × தூரம்) 800 கிலோ-செ.மீ.; 20 கிலோ எடையுள்ள குழந்தை முன்விளிம்புக்கு 30 செ.மீ. வெளியே தொங்கினால் கவிழ்க்கும் திருப்புத்திறன் 600. அலமாரி நிற்கும். இழுப்பறைகள் எல்லாம் திறந்து எடை மையம் முன்விளிம்புக்கு 10 செ.மீ. அருகே வந்துவிட்டால் 800 என்பது 400 ஆகும், அலமாரி கவிழும். குறையும் 200ஐ மேல்விளிம்பில், அதாவது 180 செ.மீ. உயரத்தில் தாங்கினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட இழுவிசை போதும்; 60 செ.மீ. உயரத்தில் தாங்கினால் மூன்று மடங்கு வேண்டும். குழந்தை தாவி ஏறும் அதிர்வில் இது பன்மடங்காகும் என்றாலும், பிணைப்பை உச்சியில் போடச் சொல்வதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் இழுப்பறைப் பெட்டிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததை அடுத்து 2016இல் ஐக்கியா நிறுவனம் 2.9 கோடி இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்ப அழைத்ததும், 2022 இறுதியில் அங்கு இதற்கெனத் தனிச்சட்டம் வந்ததும், பிணைப்பு விருப்பத்துக்குரிய துணைப்பொருள் அன்று என்பதை உலகுக்கு உணர்த்தின.

பெட்டிக்குள் பிணைப்புத் தகடு இருக்கும். சுவருக்கான திருகாணியையும் பிளக்கையும் வாங்குவோரே தேர்ந்துகொள்ளும்படி பல நிறுவனங்கள் விட்டுவிடுகின்றன. சுவர் என்பது ஒரே பொருள் அன்று என்பதே காரணம், நெய்வேலியில் இது இன்னும் பொருந்தும். அனல்மின் நிலையச் சாம்பலைக் கட்டுமானத்தில் பயன்படுத்தச் சொல்லும் மத்திய அரசின் அறிவிக்கை 1999 செப்டம்பரில் முதலில் நிலையத்தைச் சுற்றி 50 கி.மீ. வட்டாரத்துக்கும், 2003இல் 100 கி.மீ.க்கும் விதிக்கப்பட்டது. சூளைச் செங்கல்லுக்குப் பக்கத்தில் சாம்பல் கல்லும், ஹாலோ பிளாக்கும், நுரைத்து இறுகிய இலகுவான ஏ.ஏ.சி. பிளாக்கும் சந்தைக்கு வந்தன. பூச்சுக்குப் பின்னால் இருப்பது எது என்பதை ட்ரில் கொட்டும் தூளே சொல்லிவிடும். முதல் ஒன்றரை செ.மீ.க்குப் பூச்சின் சாம்பல்நிற மணல். பிறகு சிவந்தால் செங்கல், சாம்பல் நிறமே கனத்த எதிர்ப்போடு தொடர்ந்தால் சாம்பல் கல் அல்லது கான்கிரீட், வெளிர்ந்த மாவாகத் தடையின்றிக் கொட்டினால் ஏ.ஏ.சி. பிட்டு திடீரென்று முன்னால் பாய்ந்தால் உள்ளே வெற்றிடம் கொண்ட ஹாலோ பிளாக். செங்கல்லுக்கும் சாம்பல் கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் சாதாரண நைலான் பிளக் போதும், பூச்சைக் கடந்து கல்லுக்குள் முழுதும் இறங்கினால். பூச்சில் மட்டும் நிற்கும் பிளக் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். ஏ.ஏ.சி.யில் தட்டும் விசையை நிறுத்திச் சுழற்சியால் மட்டும் துளைத்து, நீண்ட சிறப்புப் பிளக் இட வேண்டும். ஹாலோ பிளாக்கில் அழுத்த ஒன்றுமில்லாததால், உட்புறம் சிறகு விரிந்து நிற்கும் டாகிள் போல்ட் தேவை.

நகரியத்தில் 1998 முதல் நடந்துவரும் புத்தகக் கண்காட்சிக்கு இவ்விடத்தில் ஒரு பங்கு உண்டு. அது வீட்டுக்கு அனுப்பிய புத்தகங்களில் ஒரு மீட்டர் நீளம் 20 முதல் 30 கிலோ வரை கனக்கும். கனத்தைக் கீழ்த்தட்டில் அடுக்குவது கவிழ்ச்சியைக் குறைக்கும் என்றாலும், பிணைப்பைத் தவிர்க்காது. பிணைப்புத் தகட்டை அலமாரியின் பின்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய அட்டையில் திருகினால் பயனில்லை, பக்கப்பலகையிலோ மேல்பலகையிலோ இருக்க வேண்டும். பேட்டன் வயரிங் காலத்தில் கம்பி கண்முன் ஓடியது. இப்போது அது பூச்சுக்குள் மறைந்திருப்பதால், சுவிட்சுப் பெட்டிக்கு நேர்மேலும் நேர்கீழும் துளையிடாமல் இருப்பது நல்லது. குவார்ட்டர்ஸ் மாறும் குடும்பம் அலமாரியைக் கழற்றிக்கொண்டு போகும்போது பிளக் சுவரிலேயே தங்கிவிடும். அடுத்து வருபவர் தம் அலமாரிக்கான துளையை அதை ஒட்டிப் போட்டால் இடைப்பட்ட செங்கல் உடையும் ஆதலால், சில செ.மீ. விலக்கியே போட வேண்டும்.