பரணி என்னும் அடுப்பு

பரணி என்றால் என்ன என்று பள்ளி மாணவரைக் கேட்டால், போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடும் நூல் என்று உடனே சொல்லிவிடுவார். பாட்டியல் நூல்கள் வகுத்த இலக்கணம் அது. எழுநூறு யானை போதும் என்ற கணக்கும் உண்டு. ஆனால் இந்த விடையில் யானை இருக்கிறதே தவிர, பரணி என்ற சொல் இல்லை. வானத்தின் இருபத்தேழு நாள்மீன்களில் இரண்டாவதன் பெயர் ஒரு போர் நூலுக்கு ஏன் வந்தது என்பதை யானைக் கணக்கு விளக்கவில்லை. அந்த நாள் காளிக்கும் யமனுக்கும் உரியது, ஆகவே சாவைப் பாடும் நூலுக்குப் பெயராயிற்று என்று உரைகாரர்கள் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் பாதி விடைதான். பரணி என்ற பெயர் போரிலிருந்து வரவில்லை, போர் முடிந்தபின் களத்தில் நடக்கும் சமையலிலிருந்து வந்தது என்பதே என் முடிவு.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. தாங்குதல் என்ற பொருளுடைய வேரில் பிறந்த விண்மீன் பெயர். தமிழுக்கு வந்தபின் அதற்கு நம்மவர் வைத்த மாற்றுப் பெயர்களைத்தான் கவனிக்க வேண்டும். நிகண்டுகள் பரணிக்கு அடுப்பு, முக்கூட்டு, தாழி என்று பெயர் சொல்கின்றன. காரணம் வானத்திலேயே இருக்கிறது. மேட ராசியில் மங்கலாகத் தெரியும் மூன்று மீன்கள் சிறு முக்கோணமாக நிற்பதுதான் பரணி. மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துப் பானை ஏற்றிய மக்களுக்கு அது அடுப்பாகத் தெரிந்தது. அடுப்பு வந்தபின் அதன்மேல் தாழியும் வந்தது. இந்தப் பெயர்களைத் தந்த நிகண்டு மரபு கலிங்கத்துப் பரணி பாடிய சயங்கொண்டாருக்கு முந்தியது. அவர் பாடுவதற்கு முன்பே தமிழ் வானத்தில் பரணி அடுப்பாகிவிட்டது.

களத்துச் சமையலோ அதனினும் பழையது. தலையாலங்கானத்தில் இரு வேந்தரையும் ஐந்து வேளிரையும் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடிய புறப்பாட்டு ஒன்றில், பகைவரின் முடித்தலைகள் அடுப்பாகின்றன, குருதி உலைநீராகிறது, வீரவளை அணிந்த கைகள் துடுப்பாகின்றன. களவேள்வி என்பது இதன் பெயர். அங்கே பரணி என்ற சொல்லே கிடையாது. ஆக, பொருள் முதலில் இருந்தது. பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நெல் அடிக்கும் இடத்துக்கும் போர் நடக்கும் இடத்துக்கும் களம் என்ற ஒரே பெயரையும், வைக்கோல் குவியலுக்கும் சண்டைக்கும் போர் என்ற ஒரே சொல்லையும் வைத்த மொழியில், களத்தில் அறுவடைக்குப்பின் உணவு வருவது வியப்பும் அன்று.

இப்போது கலிங்கத்துப் பரணிக்கு வருவோம். ஏறத்தாழ 1110-இல் முதலாம் குலோத்துங்கனுக்காக அவன் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மேல் சென்று அதன் மன்னன் அனந்தவர்மனின் படையை முறியடித்ததுதான் அதன் கதை. ஆனால் நூலைப் படிப்பவர் போரை எட்டுவதற்குள் பாதிக்கு மேல் கடந்துவிடுவார். அதுவரை பெரும்பாலும் பேசுவது காளியும் அவளுடைய பசித்த பேய்களும். போர் முடிந்ததும் காளி களத்துக்கு வந்து கூழ் அடச் சொல்கிறாள். சமையலுக்கு முன் யானைக் கொம்புச் சிம்பால் பல் துலக்க வேண்டும். வீரரின் பற்களே அரிசி. அதைக் குற்ற முரசு உரலாகிறது, யானைக் கொம்பு உலக்கையாகிறது. குற்றும்போது பேய்கள் நம் வீட்டுப் பெண்களைப் போலவே வள்ளைப்பாட்டுப் பாடுகின்றன. பாட்டில் வருபவன் குலோத்துங்கன். கூழ் இறக்கியதும் பந்தி நடக்கிறது. குருட்டுப் பேய்க்கும் கருவுற்ற பேய்க்கும் தனிக் கவனம் உண்டு. ஒருவேளை மட்டும் உண்ணும் சமணப் பேய்க்கு மயிர் கிடக்கிறதா என்று பார்த்து, நிணத்துணியால் வடிகட்டி ஊற்றுகிறார்கள். சோழனின் வெற்றிப் புகழ் பாட வந்த கவிஞர் இவ்வளவு கரிசனத்தோடு ஒரு பந்தியைப் பாடுகிறார் என்றால், நூலின் உயிர் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டுமா? இந்தப் பகுதியில் பேய்கள் 'பரணிக்கூழ்' என்றே பேசுகின்றன. அந்தத் தொடரில் பரணி என்பது நூலின் பெயராக இருக்க முடியாது. கூழ் காய்ச்சும் நாளின் பெயராக, அந்த விருந்தின் பெயராகவே அது நிற்கிறது. என் வாதத்துக்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

பிறகு யானைக் கணக்கு என்னாவது என்று கேட்கலாம். ஒட்டக்கூத்தரின் தக்கயாகப் பரணியை எடுத்துக்கொள்ளுங்கள். வீரபத்திரர் தக்கனின் வேள்வியை அழித்த புராணக் கதை அது. சோழனின் படையெடுப்பு அன்று. ஆயிரம் யானை கொன்ற மனித வீரன் யாரும் அதற்குத் தலைவனில்லை. ஆனால் கூழ் அடுதலுக்கும் இடுதலுக்கும் அதில் தனிப் பகுதியே உண்டு. தத்துவராயர் மோகத்தையும் அஞ்ஞானத்தையும் பகைவராக்கிப் பரணி பாடினார். அங்கே யானையை எண்ண வழியே இல்லை. இலக்கணம் சொன்ன யானை தப்பினாலும் பரணி பரணியாகவே இருந்தது. பாட்டியலார் கண்முன் இருந்த பெரும் போர் நூல்களைப் பார்த்து, தலைவனின் தகுதிக்கு ஓர் அளவு வைத்தார்கள். பெயருக்குக் காரணம் சொல்ல அவர்கள் முயலவே இல்லை.

'பரணி தரணி ஆளும்' என்ற பழமொழியைக் காட்டி, வென்று ஆள்பவனின் நாள் என்பதால் பெயர் வந்தது என்று வாதிடுவோரும் இருக்கக்கூடும். அப்படியானால் நூல் வென்றவன் பெயரைத் தாங்கியிருக்க வேண்டும். பரணியோ தோற்றவன் பெயரைத் தாங்குகிறது. கலிங்கம் தோற்ற நாடு, தக்கன் அழிந்தவன். உலாவும் பிள்ளைத்தமிழும் பாட்டுடைத் தலைவன் பெயரைச் சூடிக்கொள்ள, இது மட்டும் ஏன் திரும்பி நிற்கிறது? வென்றவனுக்கு வாழ்த்து, தோற்றவன்தான் கூழுக்கு அரிசி. கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ் என்பதுபோல எதில் காய்ச்சியது என்று சொல்லும் வழக்கம் இங்கும் நின்றிருக்கிறது. பெயராக மட்டும் நமக்கு எஞ்சியிருக்கும் கொப்பத்துப் பரணியும் கூடல் சங்கமத்துப் பரணியும் இடப்பெயர் கொண்டவை அல்லவா என்றால், ஆம். இரண்டும் சாளுக்கியரோடு சோழர் பொருத களங்கள். அடுப்பு மூட்டிய இடங்கள் அவை, விதி உடையவில்லை.

அடுப்பு என்ற பெயர் வெறும் உருவ ஒப்புமை, நூலோடு அதை முடிச்சுப் போடுவது தற்செயலைச் சான்றாக்குவது என்ற மறுப்பு மட்டுமே கனமானது. உருவ ஒப்புமை தனியாக நின்றால் அப்படித்தான். ஆனால் அடுப்பு மீனின் நாள், காளியின் நாள், காளி கூழ் கேட்கும் நூல், அந்தக் கூழுக்குப் பரணிக்கூழ் என்ற பெயர் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கூடுகின்றன. காளிக்கும் பரணிக்கும் உள்ள உறவு ஏட்டில் மட்டும் இருப்பதுமன்று. பழைய சேரநாட்டுக் கொடுங்கல்லூரில் பகவதிக்கு மீன மாதப் பரணிதான் இன்றைக்கும் பெருநாள். தமிழ்நாட்டில் ஆடி மாதம் அம்மனுக்கு ஊர்கூடிக் கூழ் ஊற்றுகிறோம். போர்த்தெய்வம் கேட்கும் உணவு நெய்ச்சோறாக இல்லாமல் கூழாக இருப்பதைப் புலவரின் கற்பனை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அரசவைப் புலவர் ஊர்த் தெய்வத்தின் உணவையே களத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

பாடநூல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஆயிரம் யானை இருக்கட்டும், அது மரபு. அதற்குப் பக்கத்தில், பரணி நாளில் காளிக்குப் பேய்கள் களத்தில் கூழ் காய்ச்சுவதால் பெற்ற பெயர் என்று ஒரு வரியும், கூழ் அடுதல் பகுதியிலிருந்து சில பாடல்களும் சேருங்கள். அருவருப்பு என்று அதை விலக்கி, குதிரைப் பாய்ச்சல் வரும் போர்ப் பாடல்களை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், பரணியைத் தவிர்த்துவிட்டுப் பரணி கற்பிப்பதாகவே ஆகும்.